பவுனுக்கு ஐந்து மணி மருந்து

மூச்சு வந்துவிட்டது. நின்றுவிட்டதோ என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், என்னைக் கொஞ்சம் தவிக்கவிட்டு, பிறகு ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு அடுத்த மூச்சு வருகிறது. மதியம் மணி இரண்டரை இருக்கும். பாயில் மல்லாந்து கிடக்கிறேன். என் வயிற்றின்மேல், என் வீட்டுக்காரி துளசிமணி தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து அள்ளி வந்த வெட்டுத்துணிக் குவியலுக்குள், பவுனு படுத்திருக்கிறது. வெள்ளை எலி. ஒன்றே முக்கால் வயசு, எலிக் கணக்கில் நடுவயசு தாண்டியாயிற்று, என்னை மாதிரி. பனியன் துணி மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுக்கும், காசும் கிடையாது. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடப்பதை ஒரு பை கொண்டுவந்தால் ஒரு மாதத்துக்குத் தாங்கும். ஒரு பழைய பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஜோடி தொலைந்துபோன சாக்ஸ் ஒன்றுக்குள் நுழைத்து, அதன் முதுகுக்கு அண்டை கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. லைன் வீட்டின் சிமெண்ட் ஷீட்டில் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. சத்தம் ஏறும்போது பவுனுவின் மூச்சு கேட்பதில்லை, அப்போது வயிற்றால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. என் வயிறு மேலே போனால் அது மேலே போகும், கீழே வந்தால் கீழே வரும். இதில் எது அதன் மூச்சு, எது என்னுடையது என்று சில நேரம் குழம்பிவிடுகிறது. ஐந்து மணிக்கு மருந்து. அதுவரைக்கும் தூங்கிவிடக் கூடாது.

கண்ணோரம் மறுபடியும் சிவந்திருக்கிறது. பார்த்தால் ரத்தம் மாதிரி இருக்கும். ரத்தம் இல்லை, எலிக்குச் சீக்கு வந்தால் கண்ணீரே அந்த நிறத்தில்தான் வரும். முதல் நாள் துளசிமணி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இது ரத்தமில்லை என்று நான் பெரிய பண்டிதன் மாதிரி விளக்கினேன். விளக்கத் தெரிகிறது எனக்கு. அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், என்ன பிராணி என்று கேட்டபோதும் கூச்சப்படாமல் எலி என்றுதான் சொன்னேன். வரிசையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊரெல்லாம் எலிக்குப் பொறி வாங்குகிறது, இந்த ஆள் சீட்டு வாங்குகிறான் என்று நினைத்திருப்பார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார். கோயமுத்தூரில் தனியார் இடத்தில் எக்ஸ்ரே எடுக்கலாம், மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கிற மிஷின் அங்கே இருக்கிறது, ஆனால் செலவாகும் என்றார். பார்க்கலாமுங்க என்றேன். நான் பார்க்கலாமுங்க என்றால் முடியாது என்று அர்த்தம், அவருக்கும் அது புரிந்துவிட்டது. மனுஷர் மாத்திரையைத்தான் பொடித்துக் கொடுக்கச் சொல்லி, எடைக்குத் தக்கபடி பங்கு பிரித்து எழுதிக்கொடுத்தார். ஒரு அட்டை வாங்கினால் பதினைந்து நாளைக்கு வரும். துளசிமணி ஒரு ஷிப்டோடு நிறுத்தாமல் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் பெயர் கொடுத்துவிட்டாள், எக்ஸ்ரேக்கு. எலிக்கு எக்ஸ்ரே எடுக்க ராத்திரி எட்டரை வரைக்கும் பவர் டேபிளில் உட்கார்ந்து காலர் தைக்கிறாள் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அதன் எடையை மட்டும் நான் தினமும் பார்த்துவிடுகிறேன். முனை மளிகைக் கடை தராசில், கடை திறக்கும் முன்னால், மூடி போட்ட டப்பாவில். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் இருநூற்று அறுபது கிராம். அப்புறம் இருநூற்று நாற்பத்தைந்து. இருநூற்று முப்பது. இன்று காலை இருநூறுக்குப் பக்கம் வந்துவிட்டது. சீக்கு அதைத் தின்றுகொண்டிருக்கிறது.

மழை ஏறுகிறது. கண்ணை மூடினால் இது மழைச்சத்தம் இல்லை. நான் வேலை பார்த்த கல்லூரி எலிக்கூடத்தில் மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்த மறு நிமிடம் கேட்கும் சத்தம் இது. இருநூறு எலிகள் ஒரே நேரத்தில் எழுந்து கொறிக்கத் தொடங்கும். நீளமான ஹாலில் இரண்டு பக்கமும் கூண்டுகள், மரத்தூள் வாசனை, இருட்டு, நடுவில் நான் மட்டும் நிற்பேன். வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் போகாமல் ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டுப் போவேன். இருபத்தாறு வருஷம். மருந்தாளுநர் படிப்புக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர். எலியைப் பார்த்தாலே மேஜைமேல் ஏறுகிற பிள்ளைகள். நாச்சிமுத்தண்ணா பிடித்தால் எலி சத்தம் போடாது என்று பேர் எனக்கு. உண்மைதான். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கவ்வி, வாலைச் சுண்டுவிரலில் மடக்கி, அப்படியே திருப்பினால் எலி தன் எடையையே மறந்துவிடும். ஊசி குத்துகிறவர்கள் குத்துவார்கள். அடையாளத்துக்கு மஞ்சள் மருந்து தொட்டு வைப்போம், ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். பேரெல்லாம் கிடையாது. எந்த மருந்து கொடுத்தால் காய்ச்சல் வரும், எந்த ஊசி போட்டால் பாதம் வீங்கும், எத்தனை நிமிடத்தில் வலிப்பு வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. சீக்கு வரவைக்கிற வித்தை முழுக்கத் தெரியும். தும்முகிற எலி ஒன்று தானாக வந்துவிட்டால் மட்டும் அதைத் தனியாக எடுத்து முடித்துவிடுவோம், மற்றதுக்குத் தொற்றிவிடும் என்று. இருபத்தாறு வருஷத்தில் ஒரு எலிக்கும் நான் வைத்தியம் பார்த்ததில்லை. இதை நினைக்கும்போது நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் எலியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்தத் திருப்பூரில் யார் இருக்கிறான் என்ற நினைப்பும் அதே நெஞ்சில்தான் இருக்கிறது.

டிக். வந்துவிட்டது. இப்போதெல்லாம் அந்தப் பாடங்களைக் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடுகிறார்கள், அதில் எலி படத்துக்கு ஊசி போட்டால் படம் துடிக்கும். எலிக்கூடத்தை மூடினார்கள். கடைசியில் பதினான்கு மிச்சம். முடித்துவிடு நாச்சிமுத்து, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். மறுநாள் காலையில் போனேன், மூடி போட்ட ஜாடியை எடுத்துவைத்தேன், மயக்க மருந்தில் பஞ்சை நனைத்தேன். ஒவ்வொன்றாக. பதிமூன்று வரைக்கும் கணக்குத் தெரியும். பதினான்காவது, தலையில் மஞ்சள் வைத்த குட்டி, கூண்டைத் திறந்ததும் என் கையில் ஏறி, சட்டைக்கை வழியாக நடந்து, தோளுக்கு வந்து, சட்டைப்பைக்குள் தலையை விட்டது. அப்படியே இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூடத் தானாக என்மேல் ஏறியதில்லை. டிபன் பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டேன். அது ஏன் ஏறியது? பதினான்கில் அது மட்டும் ஏன்? இந்த இடத்துக்கு வந்தால் என் புத்தி நின்றுவிடும், மாடு செக்கைச் சுற்றுவது மாதிரி அங்கேயே சுற்றும். என்னைத் தெரிந்துகொண்டு ஏறியது என்றே வைத்துக்கொண்டேன். நான் கெட்டவன் இல்லை என்று ஒரு ஜீவனாவது நினைத்திருக்கிறது. துளசிமணி முதல் நாள் விளக்குமாற்றைத் தூக்கினாள். மூன்றாம் நாள், தலையில் மஞ்சளைப் பார்த்து, பவுனு மாதிரி இருக்குது என்றாள். சாயம் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. இப்போது வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் ‘என்ற பவுனு எங்க’ என்று உரிமையோடு கேட்கிறாள். அவள் வருவதற்குள் இது போய்விட்டால் நான் எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன்.

தூங்கவில்லை. தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எங்கோ போய்விட்டேன் போலிருக்கிறது. மளிகைக் கடை தராசில் நான் உட்கார்ந்திருக்கிறேன், மூடி போட்ட டப்பாவுக்குள். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாக மழை உள்ளே விழுகிறது. விழுவது தண்ணீர் இல்லை, மரத்தூள். வெளியே துளசிமணி நின்று எடையைப் படிக்கிறாள், நம்பர் குறைந்துகொண்டே வருகிறது, ஏனுங்க இப்படி எளைச்சுப் போறீங்க என்று கேட்கிறாள். எனக்கு வலி ஒன்றும் இல்லை. லேசாக இருக்கிறது, சுகமாகக்கூட இருக்கிறது. இன்னும் குறைந்தால் ஓட்டை வழியாகவே வெளியே போய்விடலாம். அவளுக்குப் பின்னால் யாரோ தட்டுகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள், எவர்சில்வர் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி. அந்த ஆளின் முதுகு எனக்குத் தெரிந்த முதுகு மாதிரி இருக்கிறது. அவர் போய்க்கொண்டே இருக்கிறார், மணி அடிக்கிறது, மறுபடியும் அடிக்கிறது, போன்தான் அடிக்கிறது. தலைமாட்டில் தடவி எடுத்தேன். நான்கு மணி. டீ பிரேக்கில் கூப்பிடுகிறாள்.

எப்படி இருக்கிறது என்றாள். தூங்குகிறது என்றேன். பின்னால் பெண்களின் பேச்சு, டம்ளர் சத்தம். மதியம் எதுவும் தின்றதா, நான் காலையில் ஆக்கிவைத்த கஞ்சியைக் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

“அஞ்சு மணிக்கு மருந்து குடுக்கோணுமில்ல. பதினொரு மணிக்கே தட்டை எடுத்துட்டேன்.”

“மருந்துக்கும் தட்டுக்கும் என்னங்க?”

“வயிறு காலியா இருக்கோணும் துளசி. மருந்துன்னா அதுதான் முறை.”

“டாக்டரம்மா சொன்னாங்களா?”

நான் பவுனுவின் துணியை இழுத்து மூடினேன். யார் சொன்னது என்று அவள் மறுபடி கேட்டாள். காலேஜில் அப்படித்தான் செய்வோம் என்றேன்.

“அங்க பொழைக்க வெக்கறதுக்கா எடுத்தீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத விஷயத்தைக் கேட்கிற குரலில்தான் கேட்டாள். இன்றைக்கு மட்டும்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். பெல் அடித்தது, அவள் வைத்துவிட்டாள்.

இன்றைக்கு மட்டும். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஆறு நாள். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும் முன்னால் தட்டை எடுத்துவிடுவேன், காலை ஆறு மணி மருந்துக்காக. தண்ணீர் மட்டும் வைப்பேன். ஆறு மணிக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தட்டை வைப்பேன், பதினொரு மணிக்கு எடுத்துவிடுவேன், ஐந்து மணி மருந்துக்காக. துளசிமணி வரும்போது தட்டு இருக்கும், அவள் தூங்கிய பிறகு இருக்காது. ஒளித்துச் செய்யவில்லை. படுக்கும் முன் விளக்கை அணைப்பதை யாராவது ஒளித்துச் செய்வார்களா? கைதான் செய்தது. தலைக்கு இதில் வேலையே இல்லை. வயிறு காலியாக இருந்தால்தான் மருந்து எல்லா எலிக்கும் ஒரே மாதிரி ஏறும், அப்போதுதான் பிள்ளைகள் போடுகிற கிராஃப் நேராக வரும். பவுனுக்கு என்ன கிராஃப்? எலி ராத்திரியில் தின்கிற பிராணி என்று எத்தனை செட் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ராத்திரி முழுக்க வெறும் கூண்டு, பகலில் பாதி வெறும் கூண்டு. சளி கட்டிய ஜீவன் எப்போதாவது கொஞ்சம் தெம்பு வந்து எழுந்து வந்திருக்கும், தட்டு இருந்த இடத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்திருக்கும். மறுநாள் நான் அதைத் தராசில் வைத்து, சீக்கு தின்கிறது என்று கடைக்காரரிடம் வருத்தப்பட்டிருக்கிறேன். டாக்டரம்மா என்ன சொன்னார்? இப்போதுதான் காதில் விழுகிறது. கஞ்சியிலோ வாழைப்பழத்திலோ குழைத்துக் கொடுங்க, வெறும் வயிற்றில் வேண்டாம் என்றுதான் சொன்னார். வாழைப்பழத்தில் மருந்து கொடுக்கிறதாம், இவருக்கு எலியைப் பிடித்துப் பழக்கமில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். சாப்பிடுகிறதா என்றும் கேட்டார். நேரத்துக்கு நேரம் வைக்கிறேன் என்றேன். புத்தி வேறு எங்காவது போகட்டும் என்று பார்க்கிறேன், போக மாட்டேன் என்கிறது. எலிக்கூடத்துக் கடைசிச் சாயங்காலத்துக்குப் போகிறது. அன்றும் பதினான்கு தட்டையும் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மருந்தும் இல்லை, பாடமும் இல்லை, ஜாடிதான் இருந்தது. அப்படியும் எடுத்தேன். பதிமூன்றும் பசியோடுதான் போயின. அன்று என் சட்டைப்பையில் என்ன இருந்தது? பஸ் ஸ்டாண்டில் வாங்கின கடலை மிட்டாய், பாதி தின்று மடித்து வைத்தது. என்மேல் பாசமாக ஏறியது என்று ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பசி.

எழுந்து உட்கார்ந்தேன். பவுனுவைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டேன். கஞ்சிச் சட்டியை எட்டி எடுத்தேன், ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து வெதுவெதுப்பாக்கி, மாத்திரைப் பொடியில் ஐந்து மணிப் பங்கை அதில் போட்டுக் குழைத்து, தட்டில் ஊற்றி வைத்தேன். கை பழக்கத்தில் கழுத்துத் தோலுக்குத்தான் போனது. இத்தனை நாளும் அப்படித்தான் பிடித்து வாயில் ஊற்றினேன், அதுவும் சத்தம் போடாமல் விறைத்துக்கொண்டு கிடந்தது, நாச்சிமுத்தண்ணா பிடித்தால் சத்தம் போடாது. கையை இழுத்துக்கொண்டேன். சுண்டுவிரலைக் கஞ்சியில் தொட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு மட்டும் டிக் டிக்கென்று வந்துபோனது. கஞ்சி விரலிலேயே காய்ந்தது, மறுபடி தொட்டு வைத்தேன். அதுவும் காய்ந்தது. தின்னாமலேயே போய்விடும், நான் லேட் என்று நினைத்தேன். மீசை முதலில் அசைந்தது. பிறகு ஒரு நக்கு. விரலில் ஈரம் பட்டதா, எனக்குத்தான் அப்படி இருந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு நக்கு, இது நிச்சயம். அப்புறம் அது என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அதன் கைகளில் பலம் இல்லை, ஆனால் பிடித்துக்கொண்டது. நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். ஒரு பருக்கையை எடுத்து அது உட்கார்ந்து தின்னப் பார்த்தது, முடியாமல் சாய்ந்தது, சாய்ந்தபடியே தின்றது. எவ்வளவு தின்றது என்று நான் அளக்கவில்லை.

மழை விட்டு கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தரைக்கு முதல் ஷிப்ட் விடும், அரை ஷிப்ட் நிற்கிறவர்களுக்குக் கால் மணி நேரம் இடைவெளி. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். என்னாச்சுங்க என்றாள்.

“இன்னைக்கு மட்டுமில்ல துளசி. ஆறு நாளா எடுத்துட்டிருந்தேன். ராத்திரியும்.”

மிஷின்கள் ஓயும் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது.

“இப்பத் திங்குதுங்களா?”

“திங்குது.”

“அரை ஷிப்ட் வேண்டாம்னு சொல்லிட்டு நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் நீங்க தட்டைத் தொடாதீங்க.”

சரி என்றேன். பவுனுவைத் துணியோடு தட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். தட்டு கொஞ்சம் தள்ளி இருந்தது, ஒரு விரற்கடை. இழுத்து அதன் பக்கம் வைத்தால் சுலபமாக இருக்கும். நான் இழுக்கவில்லை. அது தானே நகர்ந்து போய்த் தட்டின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து அவள் நடந்து வர இருபத்தைந்து நிமிடமாகும், மழைத் தண்ணீர் நின்றால் அரை மணி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பவுனு தின்கிறது.